எண் சரியான பிறகு

ஜூன் 9

அன்புள்ள சித்திக்கு,

இங்கே நானும் அப்பாவும் நலம். அம்மாவைப் பற்றி அப்படி எழுத முடியவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். அங்கே உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது?

போனில் பேசியிருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் இருப்பது இரண்டே அறை. ஒன்றில் முணுமுணுத்தால் மற்றதிலிருந்து பதில் வரும். பதிலை என் பள்ளி நூலகத்துக்கு அனுப்புங்கள். நூலகர் அக்கா வாங்கி வைத்திருந்து கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

போன வாரம் பள்ளி விட்டு வரும்போது அம்மா வேனைச் சாலை ஓரத்தில் நிறுத்திவிட்டாள். பின்னால் வேன் நிறையச் சின்னப் பிள்ளைகள். நான் முன் இருக்கையில். அம்மாவின் முகம் வெள்ளைக் காகிதம் மாதிரி இருந்தது. ஆனாலும் எல்லாவற்றையும் முறையாகச் செய்தாள். விளக்குகளை மின்ன விட்டாள், வண்டியை அணைத்தாள், சாவியை எடுத்து என் கையில் வைத்தாள். "யார் கேட்டாலும் குடுக்காதே. நான் கேட்டாலும் குடுக்காதே" என்றாள். பிறகு கதவைத் திறந்து இறங்கி, சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, செத்துப்போகப் போகிறேன் என்று சொன்னாள். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. பின்னாலிருந்து ஒரு வாண்டு, "வேன் அம்மா, பஞ்சரா?" என்று கேட்டது. "ஆமாண்டா, எனக்குத்தான்" என்றாள் அம்மா.

இது முதல் தடவை இல்லை. ஆனால் வண்டியில் வந்தது இதுதான் முதல் தடவை. நான் யாரிடமும் சொல்லவில்லை. அப்பாதான் நேராக வேன் முதலாளியிடம் போய்ச் சொல்லிவிட்டார். "அவளுக்கு மனசுல ஏதோ கோளாறு, வண்டி குடுக்காதீங்க" என்றாராம். முதலாளி உடனே வேறு ஆளைப் போட்டுவிட்டார். "வண்டி ஓட்டலாம்னு டாக்டர் எழுதிக் குடுத்தா திரும்ப வாம்மா, வருஷக் கடைசி வரைக்கும் உன் இடத்தை வெச்சிருக்கேன்" என்று அம்மாவிடம் சொன்னார். அன்றிலிருந்து நான் அப்பாவோடு பேசுவதில்லை.

சித்தி, நான் நூலகத்தில் கலைக்களஞ்சியம் பார்த்தேன். படபடப்பு, வியர்வை, காரணமில்லாத பயம் எல்லாம் தைராய்டு சுரப்பியாலும் வருமாம். உங்களுக்குத் தைராய்டு உண்டு, கூடப் பிறந்தவர்களுக்கும் வரலாம் என்று போட்டிருக்கிறது. நீங்கள் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் அதையே சோதிப்பவர். அதனால் உங்களைக் கேட்கிறேன். அம்மாவுக்குத் தைராய்டு இருந்து, அது சரியானால், பயம் போய்விடுமா?

போய்விடும் என்றால் டாக்டர் எழுதிக் கொடுப்பார். அம்மா மறுபடி ஓட்டுவாள்.

உங்கள் அன்பு மகள்


ஜூன் 21

அன்புள்ள பூச்சிக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் மனசு நிறைந்தது, படித்ததும் கனத்தது. நான் சௌக்கியம். நீ இன்னும் சாப்பிடும்போது புத்தகம் வைத்துக்கொண்டுதான் சாப்பிடுகிறாயா?

அம்மாவுக்கு ரத்தம் எடுத்துப் பார். டி.எஸ்.எச். என்று ஒரு சோதனை. முதலில் அந்த எண் வரட்டும், பிறகு பேசுவோம். எடுக்கும்போது அம்மா பக்கத்தில் நில். அக்கா ஊசியைப் பார்க்க மாட்டாள், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அவளைச் சுவரில் ஏதாவது படிக்கச் சொல்.

அப்பாவோடு பேசு. அவர் சொன்னது உனக்குப் பிடிக்கவில்லை என்பது வேறு. அவர் எதற்காகச் சொன்னார் என்பது வேறு.

இங்கே வேலை அதிகம். நான் ஆஸ்பத்திரிக்கு எதிர்த்தாற்போலவே குடியிருப்பதால் கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் போக வேண்டியிருக்கிறது.

என்றும் அன்புடன்,
சித்தி


ஜூலை 6

அன்புள்ள சித்திக்கு,

நலமா? இன்றைக்கு எங்கள் நலம் போன கடிதத்தைவிட அதிகம்.

எண் வந்துவிட்டது. அம்மாவுக்கு டி.எஸ்.எச். கூடுதல். டாக்டர் அம்மா அதைச் சிவப்புப் பேனாவால் சுழித்துக் காட்டினார். நான் வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு விளக்கினேன். "மூளைக்கு அடியில ஒரு தலைமையாசிரியை இருக்காங்க. கழுத்துல இருக்கற தைராய்டுதான் வகுப்பு. வகுப்பு ஒழுங்கா வேலை செஞ்சா அவங்க மெதுவாப் பேசுவாங்க. வகுப்பு தூங்கினா கத்துவாங்க. அந்தக் கத்தல்தான் டி.எஸ்.எச்." அம்மா கழுத்தைத் தடவிக்கொண்டே, "அப்ப என் கழுத்துல இருக்கறதெல்லாம் உன்னை மாதிரி கடைசி பெஞ்சா?" என்றாள். நான் முதல் பெஞ்சு என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ரொம்ப நாள் கழித்து என்னைக் கேலி செய்தாள், சித்தி. அதனால் சும்மா இருந்துவிட்டேன்.

தினமும் காலையில் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். அப்பா சீட்டைப் பார்த்துவிட்டு, "மனசுல இருக்கற பயத்துக்குக் கழுத்துக்கு மாத்திரையா? இதெல்லாம் ஒண்ணும் வேண்டாம்" என்று குளிர்சாதனப் பெட்டியின் மேல் போட்டுவிட்டார். அம்மாவும் மாத்திரை என்றாலே பயப்படுகிறாள். அதனால் நானே பள்ளிக்குப் பக்கத்து மருந்துக் கடையில் வாங்கி என் பைக்குள் வைத்துக்கொண்டேன். அப்பா பேக்கரி வேலைக்கு விடிவதற்கு முன்பே போய்விடுவார். அவர் போன பிறகு நான் எழுந்து அம்மாவுக்குக் கொடுக்கிறேன். அப்பாவிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

போன தடவை ஒரு கேள்வி கேட்டிருந்தேன். மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. எண் சரியானால் பயம் போய்விடும், இல்லையா?

ஒரு தடவை வந்துவிட்டுப் போங்களேன். நீங்கள் இங்கே வந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை.

உங்கள் அன்பு மகள்


ஜூலை 29

அன்புள்ள பூச்சிக்கு,

எல்லோருடைய சுகத்தையும் அறிய ஆவல். உன் தலைமையாசிரியை கதையை ஆய்வகத்தில் சொன்னேன். எங்கள் பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். இப்போது எண் கூடுதலாக வந்தால், "மேடம் கத்துறாங்க" என்றுதான் சொல்கிறார்.

மாத்திரை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு. அதன் பிறகு ஒரு மணி நேரம் ஒன்றும் சாப்பிடக் கூடாது. இரண்டு மாதத்துக்குள் மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். எவ்வளவு கொடுத்திருக்கிறார்களோ அவ்வளவுதான். கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

அப்பாவிடம் மறைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

வர ஆசைதான். இயந்திரம் மாற்றுகிறார்கள், விடுப்பு கிடைக்காது. அக்காவிடம் நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சித்தி


ஆகஸ்ட் 30

அன்புள்ள சித்திக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். இங்கே நலம் இல்லை.

அம்மா இளைத்துவிட்டாள். வளையல் முழங்கை வரை ஏறுகிறது. கை நடுங்கி டீ சிந்துகிறது. மின்விசிறிக்கு அடியிலேயே உட்கார்ந்திருந்தும் வியர்க்கிறது. முன்பு எப்போதாவது வந்த பயம் இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. நேற்றுக் குளியலறையில் வந்தது. கதவுக்கு வெளியே நான் நின்று பேசிக்கொண்டே இருந்தேன். என்ன பேசுவது என்று தெரியாமல் தனிம அட்டவணையை ஒப்பித்தேன். துத்தநாகம் வந்தபோது கதவைத் திறந்தாள்.

எதிர்வீட்டு அத்தை, "வேலை போன கவலை, வேற என்ன" என்கிறார். அப்பா ஒன்றும் சொல்வதில்லை. எங்கள் வீட்டில் இப்போது அம்மாதான் தபால்காரி. "உன் பொண்ணு கிட்ட உப்பு கேளு" என்பார் அப்பா. "உன் வீட்டுக்காரர் கையாலேயே எடுத்துக்கலாமே" என்பேன் நான். உப்பு மூவருக்கும் நடுவிலேயே இருக்கும்.

நான் ஒரு நாள்கூடத் தவறாமல் மாத்திரை கொடுக்கிறேன், சித்தி. பத்தவில்லை போலிருக்கிறது. இரண்டாகக் கொடுக்கலாமா? உடனே எழுதுங்கள்.

உங்கள் மகள்


செப்டம்பர் 3

பூச்சி,

நலம் விசாரிக்க இப்போது நேரமில்லை, கோபித்துக்கொள்ளாதே. மாத்திரையைக் கூட்டாதே. நீ எழுதியிருப்பது வெறும் பயம் இல்லை. உடம்பு இளைப்பதும் கை நடுங்குவதும் வியர்ப்பதும் தைராய்டு அதிகமானால் வருவது. நாளைக்கே டாக்டர் அம்மாவிடம் போய் ரத்தம் கொடுங்கள். பயத்தால்தான் என்று யார் சொன்னாலும் கேட்காதே. எண் வந்ததும் இந்தக் கடிதத்தின் பின்பக்கம் உள்ள ஆய்வக நம்பருக்குப் போன் செய். வீட்டில் யார் காதில் விழுந்தாலும் பரவாயில்லை.

சித்தி


செப்டம்பர் 19

அன்புள்ள சித்திக்கு,

அன்றைக்குப் போனில் எண்ணைச் சொன்னதும் நீங்கள் அதை மறுபடி சொல்லச் சொன்னீர்கள். பிறகு, "இது ஒரு மாத்திரை சாப்பிடறவங்களோட எண் இல்லையே. வீட்ல வேற யார் மாத்திரை குடுக்கறாங்க?" என்று கேட்டீர்கள். நான் "யாருமில்லை" என்றேன். எனக்குப் பின்னால், உங்கள் குரல் கேட்கும் தூரத்தில் அப்பா நின்றுகொண்டிருந்தார். "நான் குடுக்கறேன்" என்றார்.

ஜூனில் பேச்சை நிறுத்திய பிறகு அவர் என்னைப் பார்த்து நேராகச் சொன்ன முதல் வாக்கியம் அதுதான்.

நடந்தது இதுதான், சித்தி. மாத்திரை வேண்டாம் என்று சொன்ன இரண்டாம் நாளே அப்பாவுக்கு மனசு கேட்கவில்லையாம். குளிர்சாதனப் பெட்டி மேலிருந்த சீட்டை எடுத்துக்கொண்டு போய், பேக்கரிக்குப் பக்கத்துக் கடையில் வாங்கிவிட்டுச் சீட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார். விடிவதற்கு முன் வேலைக்குக் கிளம்பும்போது அம்மாவை எழுப்பி ஒரு மாத்திரை கொடுப்பார். "வேண்டாம்னு கத்திட்டு நானே வாங்கிட்டு வந்தேன்னு தெரிஞ்சா பொண்ணு சிரிப்பா. அவகிட்ட சொல்லாதே" என்று அவரும் சத்தியம் வாங்கியிருக்கிறார். அவர் போன பிறகு நான் எழுந்து என் மாத்திரையைக் கொடுத்திருக்கிறேன். இரண்டும் வெறும் வயிற்றில். இரண்டும் வெறும் தண்ணீரோடு. அந்த விஷயத்தில் நாங்கள் இருவரும் ஒரே மாதிரி கண்டிப்பு.

அப்பா பேக்கரி மாவு ஒட்டிய சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்து, பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். நான் பள்ளிப் பையிலிருந்து என் அட்டையை எடுத்து வைத்தேன். ஒரே கம்பெனி, ஒரே நிறம். அம்மா இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியாதா? ரெண்டும் ஒண்ணுதான்னு உனக்குத் தெரியாதா?" என்று அப்பா கேட்டார்.

"முதல்ல வேற வேறன்னு நினைச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் தெரிஞ்சுது."

"தெரிஞ்சும் எதுக்கும்மா முழுங்கினே?" என்று நான் கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அம்மா புடவைத் தலைப்பால் கழுத்து வியர்வையைத் துடைத்தாள். "ரெண்டு பேர்ல யார்கிட்ட வேண்டாம்னு சொல்றது? ஒருத்தருக்கொருத்தர் முகம் பார்க்க மாட்டேங்கறீங்க. ஆனா காலையில ஆளுக்கொரு டம்ளர் தண்ணியோட வந்து நிக்கறீங்க. ஒருத்தர் மாத்திரையை வேண்டாம்னா, இன்னொருத்தர் குடுக்கறாங்கன்னு சொல்லணும். சொன்னா, சத்தியத்தை மீறினேன்னு ரெண்டு பேரும் என்மேலயும் கோவிச்சுக்குவீங்க. சரி, மாத்திரைதானே, நல்லதுதானே பண்ணும்னு போட்டுக்கிட்டேன்."

மாத்திரை என்றாலே பயப்படுகிறவள், சித்தி. ஒன்றைப் போட்டுக்கொள்ளவே கண்ணை இறுக மூடிக்கொள்வாள். தினமும் இரண்டு தடவை மூடியிருக்கிறாள்.

அப்பா எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். ரொம்ப நேரம் கழுவினார். திரும்பி வந்து என்னிடம், "உப்பையாவது நான் உன்கிட்ட நேரா கேட்டிருக்கலாம்" என்றார். நான் இரண்டு அட்டைகளையும் அவரிடம் கொடுத்துவிட்டேன்.

டாக்டர் அம்மா சில வாரம் மாத்திரையே வேண்டாம், பிறகு ஒன்றே ஒன்று, அதையும் ஒரே ஆள்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். இனி எண் சரியாகிவிடும். அம்மாவின் பயமும் போய்விடும். இந்தத் தடவையாவது ஆமாம் என்று ஒரே ஒரு வார்த்தை எழுதுங்கள்.

உங்கள் அன்பு மகள்


அக்டோபர் 26

அன்புள்ள சித்திக்கு,

சுகமா? ஒரு மாதத்துக்கு மேலாக உங்கள் கடிதம் இல்லை. நூலகர் அக்கா என்னைப் பார்த்ததும் தானாகவே உதட்டைப் பிதுக்கிவிடுகிறார்.

நல்ல செய்திதான். அம்மாவின் வளையல் மணிக்கட்டுக்கு இறங்கிவிட்டது. கை நடுங்குவதில்லை. டீ முழுதாக மேசைக்கு வந்து சேர்கிறது. அப்பாதான் மாத்திரை கொடுக்கிறார். கொடுத்ததும் நாள்காட்டியில் அன்றைய தேதியை அடித்துவிட்டு வேலைக்குப் போகிறார். நான் எழுந்ததும் முதலில் அதைத்தான் பார்க்கிறேன்.

நவம்பர் 18 அன்று தகுதிச் சான்றுக்குப் போகிறோம். வண்டி ஓட்டலாம் என்று எழுதித் தர ஒரு தனி டாக்டர் இருக்கிறார். அன்றைக்கு நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும், சித்தி. எண்களைப் பற்றி அவர் ஏதாவது கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. அம்மாவிடம் உங்களைக் கூப்பிட்டிருப்பதாகச் சொன்னேன். "அவளைத் தொந்தரவு பண்ணாதே, அவளால வர முடியாது" என்றாள். ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிட்டாள். ஆனால் மறுநாளே உள் அறையை ஒழித்துப் புதுப் போர்வை விரித்துவிட்டாள்.

உங்கள் அன்பு மகள்


நவம்பர் 6

அன்புள்ள பூச்சிக்கு,

நான் நலம். அக்கா தேறி வருவது பெரிய நிம்மதி. பதில் எழுதாததற்கு என்னைத் திட்டிக்கொள்.

பதினேழாம் தேதி வண்டிக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். வருகிறேன்.

சித்தி


நவம்பர் 22

சித்திக்கு,

நலம் அறிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். பதினேழாம் தேதி அப்பாவை ரயில் நிலையத்துக்கு அனுப்பினோம். அவர் முதல் பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டி வரை நடந்து பார்த்துவிட்டுத் திரும்பினார். உங்கள் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அம்மா போர்வையை மடித்து வைத்தாள்.

மறுநாள் நாங்கள் மூவர் மட்டும் போனோம். எண் சரியாக இருந்தது. சான்று தரும் டாக்டர், அம்மாவை எழுத்துப் பலகை படிக்கச் சொன்னார், கைகளை நீட்டச் சொன்னார். நீட்டிய விரல்கள் அசையவில்லை. அவர் அறிக்கையைப் பார்த்து, "தைராய்டுதான் இவ்வளவு ஆட்டம் காட்டியிருக்கு. இப்ப எல்லாம் நல்லா இருக்கே" என்று பேனா மூடியைத் திறந்தார். எனக்கு உள்ளுக்குள் ஓடிக் குதிக்கலாம் போல இருந்தது.

"வேனை நிறுத்தினீங்களே, அந்த மாதிரி கடைசியா எப்ப வந்துச்சு?" என்றார்.

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். வீட்டில் இரண்டு தடவை ஒத்திகை பார்த்திருந்தோம். செப்டம்பர் என்று சொல்ல வேண்டும். ஏனென்றால், உங்களுக்கு நான் எழுதவில்லை, அதற்குப் பிறகும் வந்தது. முன்பு போல அடிக்கடி இல்லை. ஆனால் வந்தது. போன வாரம் செருப்புக் கடையில் வந்தது. ஒரு காலில் புதுச் செருப்பும் ஒரு காலில் பழைய செருப்புமாக என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று நினைத்தேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்து, "போன செவ்வாய்க்கிழமை" என்றாள்.

"அம்மா" என்றேன்.

"சும்மா இரு" என்றாள் மெதுவாக. "செருப்புக் கடையில வந்துச்சு டாக்டர். அதுக்கு முன்னாடி வீட்ல. தைராய்டுனால வந்த நடுக்கம் போயிடுச்சு. இது அது இல்ல. இது எனக்குப் பழசு."

டாக்டர் பேனாவை மூடினார். கோபப்படவில்லை. ஒரு வருடம் வராமல் இருந்தால் மறுபடி வரச் சொன்னார், மனநல மருத்துவர் ஒருவரின் பெயரை எழுதிக் கொடுத்தார். ஒரு வருடம் வேன் முதலாளி காத்திருக்க மாட்டார் என்பது எங்கள் மூவருக்குமே தெரியும்.

வழியெல்லாம் நான் அழுதுகொண்டே வந்தேன். "ஒரு வார்த்தைதானேம்மா. செப்டம்பர்னு ஒரே ஒரு வார்த்தை" என்றேன். அம்மா என் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். "பின்னாடி உட்கார்ந்திருக்கறது உன் தம்பியோ தங்கச்சியோன்னு வெச்சுக்கோ. என்னை முன்னாடி உட்கார விடுவியா?" என்று கேட்டாள். அப்பா எங்களுக்கு ரொம்பப் பின்னால் வந்துகொண்டிருந்தார்.

எண் சரியாகிவிட்டது, சித்தி. பயம் போகவில்லை. நான் மூன்று கடிதத்தில் கேட்டும் நீங்கள் ஏன் பதில் எழுதவில்லை என்று இப்போது புரிகிறது. உங்களுக்கு முதலிலேயே தெரியும். தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்பதுதான் புரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.


டிசம்பர் 27

என் அன்புப் பூச்சிக்கு,

நீயும் அக்காவும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கக்கூட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

உன் கடிதத்தை மேசை மேல் வைத்துக்கொண்டு பல நாள் சுற்றிச் சுற்றி வந்தேன். இனிச் சுற்றவில்லை.

பதினேழாம் தேதி நான் இங்குள்ள ரயில் நிலையத்துக்குப் போனேன். வண்டி வந்து நின்றது. என் பெட்டி எனக்கு எதிரிலேயே நின்றது. ஏறுகிறவர்களுக்கு வழிவிட்டேன். மூட்டை வைத்திருந்த ஒரு அம்மாளுக்குக் கைகொடுத்து ஏற்றிவிட்டேன். பிறகு வழிவிட யாருமில்லை. வாசலில் நின்ற ஒரு பெரியவர், "ஏறும்மா, கிளம்பப் போகுது" என்றார். நெஞ்சு அடைத்தது, கை மரத்துப்போனது, செத்துவிடுவேன் என்று நினைத்தேன். அம்மாவுக்கு என்ன வருகிறதோ அதேதான். வண்டி போன பிறகு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். போனை நான்தான் அணைத்தேன்.

எனக்கு இது கல்லூரி நாளிலிருந்து இருக்கிறது. அக்காவுக்குத் தெரியும். அதனால்தான் என்னைத் தொந்தரவு செய்யாதே என்றாள். நான் ஆஸ்பத்திரிக்கு எதிரே குடியிருப்பது வேலைக்காக இல்லை. என்னால் போகக்கூடிய தூரம் அவ்வளவுதான்.

என் தைராய்டு எண் பல வருடமாகச் சரியாகவே இருக்கிறது. நானே சோதித்துப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவை இயந்திரம் அந்த எண்ணைக் காட்டும்போதும், அப்படியென்றால் நீ ஏன் இப்படி இருக்கிறாய் என்று என்னையே கேட்டுக்கொள்வேன். தைராய்டு கெட்டால் பயம் கூடும், பூச்சி. அது சரியானால் அந்தக் கூடுதல் போகும். சிலருக்கு அதோடு எல்லாமே போய்விடுகிறது, அப்படிப் பார்த்திருக்கிறேன். எனக்குப் போகவில்லை. உன் முதல் கடிதத்துக்கே இதை எழுதியிருக்க வேண்டும். ஆமாம் என்று எழுதினால் பொய். இல்லை என்று எழுத, அந்தக் கடிதத்தில் நீ வைத்திருந்த நம்பிக்கை விடவில்லை. அக்காவுக்காவது போகட்டும் என்று நானும் உள்ளுக்குள் காத்திருந்தேன் என்பதும் உண்மை.

உன் அப்பா முதலில் சொன்னதும் பொய் இல்லை. மனசுக்கு மருத்துவர் என்று ஒருவர் இருப்பது வெட்கப்படுவதற்காக இல்லை. நான்தான் இத்தனை வருடம் வெட்கப்பட்டேன். அக்காவை அனுப்பு. அவள் போவாள். அவளுக்கு என்னைவிடத் தைரியம் அதிகம். அந்த டாக்டர் முன்னால் செவ்வாய்க்கிழமை என்று என்னால் சொல்லியிருக்க முடியாது.

இந்தக் கடிதத்தை அவளிடம் படித்துக் காட்டலாம்.

என்றும் உன்,
சித்தி


ஜனவரி 14

அன்புள்ள சித்திக்கு,

மூன்று பேரும் இருக்கிறோம். நலம் என்று எழுதலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "பாதி நலம்னு எழுது" என்றாள். நீங்களும் பாதியாவது நலமாக இருக்க வேண்டும்.

போன கடிதத்தில் நான் அன்பு என்ற வார்த்தையை எழுதாமல் விட்டேன். வேண்டுமென்றேதான் விட்டேன். இந்தத் தடவை இரண்டு அன்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

புது வருடத்தோடு அம்மாவின் இடம் போய்விட்டது. புதிதாக வந்தவர் வாட்டசாட்டமான ஆள், பாட்டை அலற விட்டுக்கொண்டு ஓட்டுகிறார். முதலாளி அம்மாவிடம், "பிள்ளைங்களை ஏத்தி இறக்க ஒரு ஆள் வேணும், வர்றியா?" என்று கேட்டார். சம்மதிப்பாள் என்று நான் நினைக்கவில்லை. சம்மதித்துவிட்டாள். இப்போது பின்னால், பிள்ளைகளோடு உட்கார்ந்து வருகிறாள். "வேன் அம்மா, நீங்க ஏன் ஓட்டலை?" என்று கேட்டால், "உங்களைப் பார்த்துக்கவே நேரம் சரியாயிருக்கு" என்கிறாள். ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் அம்மாவின் வலது கால் தரையை அழுத்துகிறது. அங்கே பிரேக் இல்லை. அவளுக்கு அது தெரிகிறதா என்று தெரியவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அப்பா அவளை அந்த மனநல மருத்துவரிடம் கூட்டிப் போகிறார். உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று அம்மா சொல்வதில்லை. வெளியில் வந்ததும் அப்பா எதுவும் கேட்காமல் டீ வாங்கிக் கொடுக்கிறார். இனிமேல் எண் எதையும் நான் கேட்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். ஆனாலும் கேட்கிறேன். சரியாகத்தான் இருக்கிறதாம்.

உங்கள் கடிதத்தை நேற்று அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள். ரயில் நிலையம் வந்ததும் மடிப்பதை நிறுத்திவிட்டாள். "அந்த இடத்தை இன்னொரு தடவை படி" என்றாள். படித்தேன். நீங்கள் வழிவிட்டது, ஒரு அம்மாளைக் கைகொடுத்து ஏற்றிவிட்டது, எல்லாம்.

நான் அம்மாவுக்கு வருத்தமாக இருக்கும், அல்லது கோபமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தேன். அவள் கேட்டது வேறு.

"வண்டிப் பக்கத்துலயே போய் நின்னாளா?"

"ஆமாம்மா. அவங்க பெட்டிக்கு நேரா."

அம்மா கொஞ்ச நேரம் மடியில் இருந்த துணியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அவ்வளவு தூரம் வந்துட்டாளா" என்றாள்.

உங்கள் அன்பு மகள், அன்புடன்